கையும் வினைச்சொல்லும்

சென்னை மாநகரின் வடபால், இராயபுரத்திற்கும் எண்ணூருக்கும் இடையே கடலை ஒட்டி அமைந்த பழம்பதி திருவொற்றியூர். தியாகராசப் பெருமான் திருக்கோயிலும், கடற்கரையோரத்திலுள்ள பட்டினத்தார் அடக்கமும் அவ்வூரின் தொன்மைக்குச் சான்று பகர்வன. தொழிற்சாலைகளின் புகைபோக்கிகள் அதன் புதுமையைக் காட்டுவன. இவற்றிற்கு அப்பால், அலைகளைத் தடுக்கக் குவித்துள்ள கருங்கற்களின் அருகே மீனவர் குடியிருப்புகள் உள்ளன. விடியற்காலையில் அங்குச் சென்று செவிசாய்ப்போர் ஒன்றினை அறிவர். அம்மக்களின் பேச்சில் செயலைக் குறிக்கும் சொற்கள் மிகுதி. வலையை உதறுவர், அலசுவர், விரிப்பர், மடிப்பர், வீசுவர், இழுப்பர், அறுந்த வலைக்கண்களைப் பின்னுவர், துடுப்பு வலிப்பர், படகைத் தள்ளுவர், கயிற்றைச் சுற்றுவர், முடிவர், தளர்த்துவர். இவற்றுள் ஒன்றையேனும் கையையும் தோளையும் நினையாமற் சொல்லுதல் அரிது.

அக்குடியிருப்பில் வாழும் முதியவர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். இளமையிற் கட்டுமரம் ஏறிக் கடலொடு பொருதவர் அவர். இன்று திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். வலக்கை மடிமேல் ஓய்ந்து கிடக்கும்போது நடுங்குகின்றது. பெருவிரலும் சுட்டுவிரலும் கண்ணுக்குத் தெரியாத மணியொன்றை உருட்டுவன போல ஒன்றையொன்று உரசுகின்றன. யாதேனும் ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டினால் அந்நடுக்கம் சற்றே தணிகின்றது. முகத்தில் முன்னைய மலர்ச்சி இல்லை, குரல் தாழ்ந்துவிட்டது, நடக்கையில் காலடிகள் குறுகிவிட்டன.

பள்ளிக்குச் செல்லும் பேரன் அருகே அமர்ந்து, கண்ணிற் பட்ட பொருள்களைச் சுட்டி வினவுகின்றான்.

"இது என்ன, தாத்தா?"

"நங்கூரம்."

"அது?"

"சுக்கான்."

"அந்த மூலையிற் கிடப்பது?"

"வீச்சுவலை."

"அதைக் கடலுக்குக் கொண்டுபோய் என்ன செய்வீர்கள்?"

முதியவர் வாய் திறக்கின்றார்; சொல் உடனே வரவில்லை. "கையிலே பிடித்து... தோளிலே போட்டு..." என்று இழுக்கின்றார். சற்றுப் பொறுத்து, "வீசுவேன்" என்கின்றார். உள்ளிருந்து இதனைக் கேட்ட மருமகள், "மாமாவுக்கு மறதி வந்துவிட்டது" என்று தன் கணவனிடம் கூறுகின்றாள். முதியவர் செவியிலும் அது விழுகின்றது.

இக்காட்சி கற்பனை, சற்று மிகைப்படுத்தியதுங்கூட. மெய்யாக நிகழும் தயக்கம் பெரும்பாலும் மிகச் சிறியது. நொடியின் சிறு பகுதியே ஆதலின், நுண்ணிய கருவிகொண்டு அளந்தாலன்றிப் புலப்படாது. ஆயினும் இதனுள் ஓர் ஆழ்ந்த வினா அடங்கியுள்ளது. பெயர்கள் விரைந்து வர, வினை மட்டும் பிந்தியது ஏன்? கைக்கு வந்த நோய் சொல்லையும் தீண்டுமோ?

முதற்கண் அந்நோயினை அறிதல் வேண்டும். நம் நாட்டு மருத்துவ நூல்கள் அதனைக் கம்பவாதம் என்றும், நடுக்குவாதம் என்றும் கூறும். மேலைநாட்டில் அதனைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டியவர் இலண்டனில் ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில் வாழ்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர். 1817ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறுநூல் ஆறு நோயாளரைப் பற்றியே பேசுகின்றது. அவ்வறுவருள்ளும் சிலர் அவரிடம் மருத்துவம் நாடி வந்தவரல்லர். தெருவில் நடந்து செல்கையில் அவர் கண்ணிற் பட்டவர். ஒருவர் நடக்கும் நடையையும், குனிந்த முதுகையும், ஓயாத கையையும் கண்டு ஒரு நோயின் இலக்கணத்தையே வகுத்த கூர்மை பாராட்டற்குரியது. பின்னாளில் பாரிசு நகரத்து அறிஞர் சார்க்கோ அந்நோய்க்குப் பார்க்கின்சன் நோய் என்று அவர் பெயரையே சூட்டினார்.

உடல் தளரினும் புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று பார்க்கின்சன் எழுதிவைத்தார். நோயுற்றோரை அறிவிலிகளாகக் கருதாமல் இருக்க அக்கூற்று பெரிதும் உதவியது. எனினும் அதனையே முடிந்த முடிபாகக் கொண்டமையால், இந்நோய் தசையையும் நடையையும் மட்டுமே பற்றியது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்துவிட்டது. நோயாளர் பேசத் தயங்கினால், நாவும் உதடும் விரைந்து அசையாமையே காரணம் என்றனர். அது பாதி உண்மை. மற்றப் பாதியை அறியவே பிற்கால ஆராய்ச்சிகள் எழுந்தன.

மூளையின் நடுப்பகுதியில், கருமை படர்ந்த ஒரு சிறு பகுதி உளது. கரும்பொருள் என்று அதனைக் குறிப்பர். அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளை ஆக்கி, மூளையின் அடியில் அமைந்த நரம்பு முடிச்சுகளுக்கு அனுப்புகின்றன. எந்த அசைவைத் தொடங்குவது, எவ்வளவு விசையுடன் செய்வது, எப்போது நிறுத்துவது என்பவற்றை ஒழுங்கு செய்தல் அம்முடிச்சுகளின் தொழில். படகிற்குச் சுக்கான் எத்தகையதோ, அத்தகையன உடலசைவிற்கு அவை. சுக்கான் படகை உந்துவதில்லை. ஆயினும் சுக்கான் பிடிப்பாரின்றிப் படகு உரிய வழியிற் செல்லாது. கரும்பொருளின் அணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. அவற்றுட் பெரும்பகுதி அழிந்த பின்னரே கை நடுங்கத் தொடங்கும். நோய் வெளிப்படும் நாளில் அது புதிதாக வந்ததன்று; பல ஆண்டுகள் உள்ளே ஒளிந்திருந்ததே ஆகும்.

இம்முடிச்சுகள் தனித்து நிற்பவையல்ல. மூளையின் மேற்பரப்பாகிய புறணியின் முன்பகுதியோடு வளையம் வளையமாகத் தொடர்பு பூண்டவை. அம்முன்பகுதியிலேதான் உடலசைவைத் திட்டமிடும் இடங்கள் உள்ளன. அதன் இடப்பக்கத்தில், பேச்சிற்கு இன்றியமையாத ஓர் இடம் உண்டென்பதனை 1861ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா எடுத்துக்காட்டினார். அசைவும் பேச்சும் மூளையில் அண்டை வீட்டார். ஒரு வீட்டின் விளக்கு மங்கினால் அடுத்த வீட்டு முற்றமும் சற்று இருள்வது இயல்பன்றோ?

இனி, வினைச்சொல் என்பது யாதெனக் காண்போம். வினை வேற்றுமை உருபை ஏலாது, காலத்தைக் காட்டி நிற்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. நன்னூலாசிரியர் பவணந்தியார் மேலும் விரித்து, வினை தன்னுள் ஆறு பொருளை உணர்த்தும் என்பர். செய்கின்றவன், அவன் கொண்ட கருவி, செய்யும் இடம், செயல், அதன் காலம், செயப்படுகின்ற பொருள் என்பனவே அவை. 'வீசினான்' என்ற ஒரு சொல்லை ஆராய்க. வீசியவன் மீனவன், கருவி கை, இடம் கடல், செயல் வீசுதல், காலம் இறந்தகாலம், வீசப்பட்டது வலை. ஒரு சொல்லுள் ஒரு காட்சியே அடங்கிக் கிடக்கின்றது. 'வலை' என்னும் பெயரோ அமைதியாகத் தனித்து நிற்கின்றது. பெயரினும் வினை மனத்திற்குச் சுமை மிக்கது என்பது இதனாற் போதரும். இவ்வுண்மை ஆராய்ச்சியாளர்க்கு ஓர் எச்சரிக்கையும் ஆகும். களைத்த எந்த மனமும் பெயரைக் காட்டிலும் வினையிலேயே முதலில் இடறக்கூடும். ஆகவே, நோயாளர் வினையில் இடறினார் என்பதனாலேயே அசைவுக்கும் சொல்லுக்கும் தொடர்பு உண்டென்று துணிந்துவிடலாகாது.

அத்தொடர்பை நேரே காண முயன்றவர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஆராய்ந்த அறிஞர்கள். ஹவுக், ஜான்சுருட், புல்வர்மியுல்லர் என்னும் மூவர் 2004ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். நோயற்ற மக்களைக் காந்தப் படக்கருவியினுட் படுக்கவைத்து, ஆங்கிலச் சொற்களை வெறுமனே வாசிக்கச் செய்தனர். அச்சொற்கள் மூவகைப்பட்டன. நக்குதல் போன்ற வாயின் செயல்கள், பொறுக்குதல் போன்ற கையின் செயல்கள், உதைத்தல் போன்ற காலின் செயல்கள். வாசித்தவர் கையையோ காலையோ அசைக்கவில்லை. ஆயினும் கைச்செயலின் சொல்லை வாசித்தபோது மூளையிற் கையை ஆளும் பகுதியை ஒட்டியும், காற்செயலின் சொல்லை வாசித்தபோது காலை ஆளும் பகுதியை ஒட்டியும் குருதியோட்டம் மிகுந்தது. 'உதை' என்று வாசிக்கும்போதே மூளையில் ஒரு கால் மெல்ல எழுந்து அடங்குகின்றது என்று சொல்லலாம்போலும்.

இது சுவையான செய்தியே. ஆயினும் குருதியோட்டம் மிகுதலும், அப்பகுதி இன்றியமையாததாதலும் ஒன்றல்ல. திருவிழாவில் தேர் இழுக்கையில் ஊரார் அனைவரும் ஆரவாரிப்பர். ஆரவாரம் எழுவதாலேயே தேர் நகர்கின்றது என்று கூறுதல் பொருந்துமா? அப்பகுதி நலிந்தால் அச்சொல்லும் நலிகின்றதா என்று பார்த்தாலன்றி ஐயம் தீராது. ஆகவேதான் அறிஞர் நோயாளரிடம் சென்றனர். அசைவைத் தரும் நரம்பணுக்களே தேய்ந்துபோகும் இயக்க நரம்பணு நோய் என்று வேறொரு கொடுநோய் உண்டு. அதனோடு அறிவுத் தளர்ச்சியும் பேச்சுக் குறையும் சேர்ந்த சிலரிடம், பெயர்களைவிட வினைகளே மிகுதியாகக் கெட்டிருந்தன என்பதனைத் தாமசு பாக் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2001ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தனர்.

பார்க்கின்சன் நோயைப் பொறுத்தவரை, 2008ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லியோன் நகர ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனை சிறப்பு வாய்ந்தது. வெரோனிக் புலாஞ்சே என்னும் பெண்மணி அதில் முதன்மையானவர். அறிவுத் தளர்ச்சி இல்லாத 10 நோயாளரை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். திரையில் ஓர் எழுத்துத்தொடர் தோன்றும். அது மொழியில் வழங்கும் சொல்லா, பொருளற்ற எழுத்துக்கூட்டமா என்று ஒரு பொத்தானை அழுத்தி அறிவித்தல் வேண்டும். அதற்குச் சற்று முன்னர், அதே சொல்லைக் கண் உணராத விரைவில் ஒருமுறை மின்னச் செய்து மறைத்துவிடுவர். பார்ப்பவர் அதனைக் கண்டதாகவே அறியார். ஆயினும் அறியாமற் கண்ட அச்சொல், பின்னர் வெளிப்படும் சொல்லுக்கு வழி திறந்துவைக்கும். விடை விரைந்து வரும். கதவு முன்னரே திறந்திருந்தால் விருந்தினர் விரைந்து நுழைவது போன்றது இது.

காட்டிய சொற்களிற் சில கையாலோ காலாலோ செய்யும் செயல்களைக் குறித்த வினைகள். சில கண்ணாற் காணும் பொருள்களின் பெயர்கள். நோயாளர்க்கு மருந்தை நிறுத்திவைத்து ஒருமுறையும், மருந்து கொடுத்து ஒருமுறையும் சோதித்தனர். மருந்தில்லாத நிலையில் பெயர்ச்சொற்களுக்குக் கதவு முன்போலவே திறந்தது. செயலைக் குறித்த வினைகளுக்கோ ஏறத்தாழத் திறக்கவேயில்லை. மருந்து அளித்த பின்னர் வினைகளுக்கும் அது திறந்தது. இரு வகைக்கும் அழுத்திய பொத்தான் ஒன்றே. அழுத்திய விரலும் ஒன்றே. ஆதலின் விரலின் தளர்ச்சியே வேறுபாட்டிற்குக் காரணம் என்றல் பொருந்தாது. நாவைப் பயன்படுத்தாத சோதனையாதலின் நாவின் தளர்ச்சியும் காரணமன்று. ஒரே மனிதர், ஒரே மூளை, ஒரே சொற்கள். டோபமின் குறைந்தபோது செயற்சொல் பிந்தியது, அது நிறைந்தபோது முந்தியது.

அங்ஙனம் நிறைத்த மருந்தின் பெயர் லெவோடோபா. உடலுட் சென்று மூளையை அடைந்தபின் டோபமினாக மாறுவது அது. அதன் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டென்பதனைத் தமிழ் மாணவர் பலர் அறியார். வேலிகளிலும் புதர்களிலும் படர்ந்து, வெல்வெட்டுப் போன்ற மயிர் மூடிய காய்களைத் தொங்கவிடும் பூனைக்காலிக் கொடியைச் சிற்றூர்ப் பிள்ளைகள் நன்கறிவர். அம்மயிர் மேலே பட்டால் உடலெல்லாம் அரிக்கும். அதன் விதையைச் சித்த மருத்துவரும் ஆயுர்வேத மருத்துவரும் நெடுங்காலமாக மருந்திற் சேர்த்து வந்தனர். 1937ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் அவ்விதையினின்று இப்பொருளைப் பிரித்தெடுத்து, இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டனர். அதற்கு முன் 1913ஆம் ஆண்டில் கூகன்ஹைம் என்பார் ஐரோப்பிய அவரையொன்றில் அதனைக் கண்டறிந்திருந்தார். சென்னை ஆய்வாளர் இருவரும் வேதியியல் நோக்கிலேயே அதனை ஆராய்ந்தனர். தாம் கையில் ஏந்திய வெண்பொடி நடுங்கும் கைகளை நிறுத்தவல்லது என்பது அந்நாளில் உலகில் எவருக்கும் தெரியாது.

அது தெரிய மேலும் 20 ஆண்டுகள் சென்றன. 1957ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தா வேரிலுள்ள ரெசர்ப்பின் என்னும் பொருளை முயல்களுக்குச் செலுத்தினார். முயல்கள் செவி தொங்க, அசைவற்றுக் கிடந்தன. பின்னர் டோபாவைச் செலுத்த, அவை எழுந்து துள்ளின. சர்ப்பகந்தாவும் இந்தியக் காடுகளில் விளைவதே. வியன்னா நகரில் 1960ஆம் ஆண்டில், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோபமின் பெரிதும் குறைந்திருத்தலைக் கண்டனர். அடுத்த ஆண்டே அந்நகரில் நோயாளர்க்கு லெவோடோபாவைச் செலுத்திப் பயன் கண்டனர். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காட்சியாசு என்பார் அதனை வாய்வழி நாள்தோறும் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. விதையைத் தாமே அரைத்து உண்ணலாம் என்று எண்ணுதல் தீங்கு. ஒவ்வொரு விதையிலும் மருந்தின் அளவு வேறுபடும், மிகையானால் வாந்தியும் மனக்கலக்கமும் உண்டாகும். திருவொற்றியூர் முதியவர் நாடவேண்டியது, வடசென்னை மக்கள் பல்லாண்டாக நம்பிச் செல்லும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற இடத்தையே.

மருந்து உண்ட சில மணி நேரம் அவர் கை தேறும். பயன் தேய்ந்ததும் மீண்டும் இறுகும். நோய் முற்றிய நிலையில் ஒரே நாளிற் பலமுறை இவ்வாறு ஏற்ற இறக்கம் நிகழும். கடலின் ஏற்றவற்றத்தைக் கணித்துப் பழகிய குடும்பத்தார்க்கு இதனைப் புரிந்துகொள்ளுதல் அரிதன்று. காலையில் விரைந்து விடையளித்தவர் நண்பகலில் தயங்கினால், அது பிடிவாதமுமன்று, நடிப்புமன்று.

இனி மறுதலையான சான்றையும் கூறுதல் முறை. அமெரிக்க அறிஞர் டேவிட் கெம்மரர் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2013ஆம் ஆண்டில் வேறொரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். மூன்று வினைகளைக் காட்டி, அவற்றுட் பொருளால் நெருங்கியவை எவை என்று வினவினர். ஓடுதல், அடித்தல், வெட்டுதல் போன்ற உடற்செயல்களும், உடலசைவில்லாத வினைகளும் அச்சோதனையில் இருந்தன. பார்க்கின்சன் நோயாளர் மெதுவாக விடையளித்தனரேனும், உடற்செயல் வினைகளில் மட்டும் தனியாகப் பிழைபட்டாரல்லர். மேலும், பிறவியிலேயே கையின்றிப் பிறந்தோரும் 'வீசு' என்பதன் பொருளை நன்கறிவர். கை அசைந்தாலன்றிச் சொற்பொருள் விளங்காது என்று ஒருவர் கூறுவாராயின், அது மிகைக் கூற்றேயாம்.

எனினும் லியோன் நகரச் சோதனையும் இதுவும் ஒன்றையொன்று அழிப்பனவல்ல. முன்னது, கண் உணராத ஒரு கணத்தில் சொல் எவ்வாறு எழுகின்றது என்பதனை அளந்தது. பின்னது, பொறுமையாக எண்ணிப் பார்க்கையில் பொருள் எஞ்சியுள்ளதா என்பதனை அளந்தது. பொருள் எஞ்சியுள்ளது, எழும் விரைவே குறைந்துள்ளது. 'வீசுவேன்' என்னும் சொல் முதியவரிடம் அழியவில்லை, வரும் வழியிற் காலம் தாழ்த்தது. 'மறதி' என்று மருமகள் கூறியது இதனாற் பிழையாகின்றது. பார்க்கின்சன் நோயில் மெய்யான மறதி வருவதும் உண்டு, பெரும்பாலும் நோய் முதிர்ந்த காலத்தில். ஆனால் ஒரு வினையில் ஒரு நொடி தயங்குதல் அதற்குச் சான்றாகாது.

இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளில் நிகழ்ந்தவை. ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்கும். ஆதலின் வினை என்னும் இலக்கண வகையால் இடர் நேர்ந்ததா, அசைவு என்னும் பொருளால் இடர் நேர்ந்ததா என்று பிரித்தறிதல் அங்குக் கடினம். தமிழ் இலக்கணம் இதற்குக் கூரிய கருவிகளைத் தந்துள்ளது. 'வீச்சு', 'இழுப்பு', 'ஓட்டம்' என்னும் தொழிற்பெயர்கள் இலக்கணத்தாற் பெயர், பொருளாலோ அசைவு. 'நல்லன்', 'கரியன்' என்னும் குறிப்பு வினைமுற்றுகள் இலக்கணத்தால் வினை; அவற்றில் அசைவு ஏதுமில்லை. 'நினைத்தான்', 'விரும்பினான்' என்பன தெரிநிலை வினைகளே ஆயினும் கையும் காலும் அவற்றில் ஈடுபடுவதில்லை. 'உருண்டது' என்பதற்கும் 'உருட்டினான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தன்வினை, பிறவினை என்று பள்ளிச் சிறுவரும் கூறுவர். முன்னதிற் கல் தானே அசைகின்றது, பின்னதிற் கை அசைக்கின்றது.

எல்லாவற்றினும் நுட்பமானது 'வீசு' என்னும் சொல்லே. 'காற்று வீசியது' என்கின்றோம். 'மல்லிகை மணம் வீசியது' என்கின்றோம். 'மீனவன் வலையை வீசினான்' என்கின்றோம். பகுதி ஒன்றே, காலமும் ஒன்றே. ஒன்றிற் கை உண்டு. மற்ற இரண்டில் இல்லை. முதியவர் 'காற்று வீசுகிறது' என்பதனை எளிதிற் கூறி, 'வலை வீசுகிறேன்' என்பதில் மட்டும் தயங்குவாராயின், இடர் எழுத்திலுமில்லை, இலக்கணத்திலுமில்லை, கையிலேயே உள்ளது என்பது வெளிப்படை. இரண்டிலும் ஒருபடித்தாகத் தயங்குவாராயின், காரணம் வேறிடத்தில் உள்ளதென்க. தமிழில் இத்தகைய தேர்வை அமைக்க விரும்புவார்க்கு நன்னூலின் வினையியல் ஒரு நல்ல கையேடாகும்.

இந்நோயின் இயல்புகளுள் வியப்பான மற்றொன்று உளது. தாமாக அடியெடுத்து வைக்க இயலாமல் நிலத்தில் ஒட்டியவர் போல் நிற்கும் நோயாளர், தரையில் இட்ட கோடுகளைத் தாண்டச் சொன்னால் தாண்டி நடப்பர். சீரான தாளம் செவியில் விழுந்தால் நடை சீர்ப்படுதலும் உண்டு. உள்ளிருந்து வரவேண்டிய ஏவல் தடைப்படும்போது, வெளியிலிருந்து வரும் ஓசையும் கோடும் வேறு வழியாகச் சென்று அசைவை எழுப்புகின்றன என்று அறிஞர் கருதுவர். அதனால் மருத்துவர் தாளக் கருவிகளைக்கொண்டு நடைப்பயிற்சி அளிக்கின்றனர்.

சோழமண்டலக் கரையின் மீனவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. கரைவலை இழுக்கும்போதும் படகைக் கரையேற்றும்போதும் ஒருவர் முன்பாட்டு எடுக்க, ஏனையோர் 'ஏலேலோ' என்று ஒருங்கே குரல் கொடுத்து இழுப்பது அவர் வழக்கம். அம்பாப் பாட்டு என்று அதனைக் கூறுவர். அங்கு இழுத்தலும் சொல்லும் வெவ்வேறாக நிகழ்வதில்லை. சொல் விழும் இடத்திற் கயிறு அசையும். பொறிப் படகுகள் பெருகிய இந்நாளில் அப்பாட்டு அருகிவிட்டது. எனினும் திண்ணையில் அமர்ந்த முதியவர் அதனை இளமையில் ஆயிரம் முறை பாடியவர்.

மாலையில் பேரன் மீண்டும் வந்து அமர்கின்றான். இம்முறை அவன் வினா எழுப்பவில்லை. மூலையிற் கிடந்த பழைய கயிற்றின் ஒரு முனையைத் தாத்தாவின் கையிற் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு, அவரிடமே முன்னொருநாள் கேட்ட பாட்டை மெல்லத் தொடங்குகின்றான். முதியவரின் விரல்கள் கயிற்றின்மேல் மூடுகின்றன. இரண்டாம் அடியில் அவர் தாழ்ந்த குரலும் சேர்கின்றது. மூன்றாம் அடி வந்தபோது, "இழுடா!" என்கின்றார்.